மஞ்சள் பூ போட்ட நைலக்ஸ்

வேங்கிக்கால் பஸ்ஸில் நான் அடிக்கடி பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர்களிடம் தேடி வாங்கிய அந்தக் கால நைலக்ஸ் புடவையும், பஃப் கை ரவிக்கையுமாகத்தான் ஆபீஸுக்குப் போவாள். புடவையில் ஒட்டோ தையலோ இருந்தால், அதைத் தோளில் தெரிகிற மாதிரி கட்டுவாள்.

ஒருநாள் அவள் தோளில் ஒரு மஞ்சள் நூல் பூ இருந்தது. நான் போட்ட பூ.

"அது டிசைன் இல்லம்மா. இஸ்திரி பொட்டி பட்டு ஓட்டையாயிடுச்சு. மறைக்கத்தான் பூ போட்டேன். அப்புறம் பாத்திரக்காரன்கிட்ட குடுத்துட்டு ஒரு டப்பா வாங்கிட்டேன்."

அவள் பூவைத் தடவிப் பார்த்தாள்.

"இந்தப் பூவுக்காகத்தான் ஆன்ட்டி இத எடுத்தேன். திருப்பிக் குடுத்துடட்டுமா?"

"வேணாம்மா. உனக்குத்தான் நல்லாருக்கு."

அந்த டப்பாவின் மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. புடவை ஜன்னலோரம் உட்கார்ந்து ஆபீஸுக்குப் போகிறது.