கடைவாய்ப் பல்லும் தலைக்கு மேல் காரையும்

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் முன்மேசையில் இருப்பவரை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரம்மாவின் கவனம் திறந்த வாயைத் தாண்டி வெளியே வருவதில்லை. யார் எப்போது நாற்காலியில் ஏறுவது என்பது முழுக்க அக்காவின் ராஜ்ஜியம்.

அக்கா குடியிருப்பது மாடிப் போர்ஷன். கணவர் இரவுக் காவலாளி, பகலில்தான் தூங்குவார். போன மழைக்காலம் முழுக்க மேலே ஒழுகியதால் கட்டிலில் அவர் பக்கத்தில், அக்காவின் இடத்தில், பிளாஸ்டிக் வாளி படுத்திருந்தது. ஒருநாள் அவர் பல் துலக்க எழுந்த நேரத்தில் மேலிருந்து காரை பெயர்ந்து தலையணையில் விழுந்தது. அன்றைக்கு அவருக்குப் பல் துலக்கச் சோம்பல் வந்திருந்தால் அக்கா இப்போது வேறு மாதிரி வாழ்ந்துகொண்டிருப்பார்.

கீழே இருக்கும் வீட்டுக்காரர் பெரிய ஆபீசில் பெரிய நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு அதன் இங்கிலீஷை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். காரை விழுந்ததைச் சொன்னபோது 'லுக்கிங் இன்டு இட்' என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை விஷயம் 'அண்டர் கன்சிடரேஷன்' ஆனது. பிறகு 'டெஃபர்' ஆகி, 'ஆன் ஹோல்ட்' ஆகி, கடைசியில் 'பேக் பர்னர்' என்ற அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழில் முடியாது என்று சொன்னால் சண்டை போடலாம். இவர் சொன்னதற்கெல்லாம் அக்கா தேங்க்ஸ் சொல்லிவிட்டு மாடியேற வேண்டியிருந்தது. ஏறும்போது ஒவ்வொரு வார்த்தையையும் மனசில் முடிந்துகொண்டார்.

அடுத்த மழைக்காலம் நெருங்கியது. ஒருநாள் காலை வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்குள் வந்தார். மாடியில் இருப்பவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

"அட, நீதானா? நல்லதாப் போச்சு. சட்டுனு உள்ள அனுப்பு."

அக்கா அன்பாகச் சிரித்தார். "உங்க கேஸ் அண்டர் கன்சிடரேஷன்ல இருக்கு சார்."

வலி மாத்திரை மட்டும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். அந்த அளவுக்குக் கல்நெஞ்சு இல்லை. மறுநாள் வந்தவரிடம், டெஃபர் ஆகியிருப்பதாகத் தெரிவித்தார். அதற்கடுத்த நாள் வீட்டுக்காரரின் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. வாயில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை மிச்சமில்லை. மரியாதை மட்டும் புதிதாக முளைத்திருந்தது.

"அம்மா, இன்னிக்கே பாக்கச் சொல்லுங்கம்மா. உயிர் போகுது."

"என் புருஷன் தலைக்கு மேலயும் உயிர் போற சமாசாரம்தான் சார் தொங்குது."

"நாளைக்கே கொத்தனார அனுப்பறேன்."

"நாளைக்கேன்னா நிஜமாவே நாளைக்கா சார், இல்ல உங்க ஆபீஸ் நாளைக்கா?"

வீங்காத பக்கக் காதில் போனை வைத்து அங்கேயே கொத்தனாரிடம் பேசினார். அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

சொன்னபடி கொத்தனார் வந்தார், மொட்டைமாடி விரிசலைப் பூசினார். வீட்டுக்காரருக்கு வலி போனது, இங்கிலீஷ் திரும்பியது. உள்ளே தொங்கும் காரை 'ஃபேஸ் டூ', அதாவது இரண்டாம் கட்டம், என்று அறிவித்துவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார்.

பெரிய ஆபீஸ் மூளை இங்கேதான் சறுக்கியது. வலி போனால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். வேர் சிகிச்சை ஒரே தடவையில் முடிகிற காரியமல்ல. டாக்டரம்மா அன்றைக்கு அடைத்தது தற்காலிக அடைப்பு. சாப்பிடும்போது அது கழன்று விழ, வீட்டுக்காரர் கன்னத்தைப் பிடித்தபடி மறுபடி அதே மேசைக்கு வந்தார்.

"ஃபேஸ் டூ சார்," என்றார் அக்கா.

வீட்டுக்காரர் விளக்கம் கேட்காமல் போனை எடுத்தார். அக்கா வேலை முடிந்து வீடு திரும்பியபோது கொத்தனார் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார். கணவர் தூக்கம் கலைந்த கடுப்பில் வாளியைத் தூக்கிப்போய்க் குளியலறையில் வைத்தார். காரை முழுக்கத் தட்டி, புதிதாகப் பூசி முடித்தார்கள். பல்லிலும் வேர் வேலை முடிந்தது. மேலே கேப் மாட்டுவது மட்டும் பாக்கி. அது வரை அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"கேப் எப்போம்மா?" வீட்டுக்காரர் மேசையருகே பணிவாக நின்று கேட்டார். "எல்லாம்தான் முடிச்சுக் குடுத்துட்டேனே."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த முறை இங்கிலீஷைத் தேடவில்லை.

"ஒரு நல்ல மழை பெய்யட்டும் சார். ஒழுகலன்னா அடுத்த நாளே போட்டுடலாம்."

இப்போதெல்லாம் வீட்டுக்காரர் காலையில் பேப்பர் படிப்பதில்லை. வாசலில் நின்று, ஒரு பக்கமாகவே இட்லியை மெல்லும் வாயோடு, மேகம் ஏதாவது தென்படுகிறதா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.