உடம்புச் சூட்டில் ஒரு டப்பா

கல்யாணமான நாளிலிருந்து குழந்தைக்காக மாத்திரை விழுங்கியதெல்லாம் நான்தான். ஸ்கேன், ஊசி, மாதா கோயிலில் மெழுகுவர்த்தி, எல்லாம் என் தலையில். என் வீட்டுக்காரரின் விந்தணுவையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, காசிமேட்டில் விசைப்படகு ஏறுகிற மனுஷனுக்கு முகம் வெளுத்துப்போனது. லேப்பில் காட்டிய சின்ன அறையில் அவரால் முடியவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். சரி, வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள், அரை மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றார்கள்.

கொண்டுபோனோம். லேப்பில் அவர் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன். டப்பாவைச் சுற்றி நொறுக்கின ஐஸ். இறாலுக்குப் போடுகிற மாதிரி கீழே ஓர் அடுக்கு, மேலே ஓர் அடுக்கு.

"வெயிலு இன்னா போடு போடுது. கெட்டுப் பூடும்னு வச்சேம்மே," என்றார்.

ஐஸை நம்பியே பிழைக்கிறவரை என்னவென்று திட்டுவது? ஆனாலும் திட்டினேன்.

லேப்பில் இருந்த பெண் சிரிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ஒன்றும் அசையவில்லை என்றாள். "அணுவோட தலையில இருக்கறது வெறும் சரக்குதான்க்கா. அதைத் தள்ளிக்கினு போறது வாலு. குளிர் பட்டா வாலு நின்னுடும், ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னொரு வாட்டி உடம்புச் சூட்டுலயே எடுத்துக்கினு வாங்க," என்றாள். நல்ல வால் எப்படி ஆடும் என்று தன் போனில் ஒரு வீடியோவும் காட்டினாள். மீன் வால் மாதிரி அது அடிக்கவில்லை. கயிற்றின் முனையைப் பிடித்து உதறினால் ஓர் அலை ஓடுமே, அப்படி, கழுத்தில் தொடங்கி நுனிவரை ஓடியது. அது முடிவதற்குள் அடுத்த அலை. ஒவ்வோர் அலையும் பின்னே தள்ளத் தள்ள, தலை முன்னே போனது. அந்த இத்தனூண்டு வாலைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

அதற்கப்புறம் அந்த ஐஸ்தான் எங்களுக்கு இருந்த ஒரே தைரியம். "ஐஸாலதாம்மே," என்று சோற்றில் கை வைக்கும்போதும் சொல்வார். நானும் நம்பினேன். நம்பாமல் வேறு எதைப் பிடித்துக்கொள்வது?

அடுத்த முறை டப்பாவை என் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். திருவொற்றியூர் ரோட்டை அடைத்து நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் வண்டியை நுழைத்து நுழைத்து ஓட்டினார். செத்துப்போகப் போகிறோம் என்று பயந்தேன். மெதுவாகப் போங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். உயிர் இருக்கிறதா என்று சாயம் போட்டு மறுபடியும் பார்த்தாள்.

"உயிரோடதான்க்கா இருக்கு. நெறையவே இருக்கு. ஆனா ஒரு வாலுகூட ஆடல."

மைக்ராஸ்கோப்பின் திரையில் எல்லாம் நீட்டி நிமிர்ந்து கிடந்தன. ஒன்றாவது அசையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "வர்ற வழில குளுந்து பூட்ச்சாம்மா?"

"இல்லண்ணா," என்றாள். "நான் கையில வாங்கும்போது சூடாதான் இருந்துச்சு."