டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு வாசகர்

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுபவர். வீட்டில் துப்பறியும் நாவல் எழுதுபவர். பண்ருட்டியில் முந்திரிப் பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் சொந்தச் செலவில் இரண்டு நாவல்களைப் போட்டிருந்தார். சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் கால் நீட்டினால் புத்தகக் கட்டு இடிக்கும். வாங்கியவர்கள் எல்லாம் அவருடைய ஷிப்டுக்காரர்கள். பார்க்கும்போதெல்லாம் “பிரமாதம்ண்ணே” என்பார்கள்.

அப்பாவுக்கு அது போதவில்லை.

“நான் டீ வாங்கிக் கொடுத்தாலும் அவனுங்க பிரமாதம்னுதான் சொல்லுவானுங்க. என்னை யாருன்னே தெரியாத ஒருத்தன் படிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம்தான் மூணாவது எழுதுவேன்” என்றார்.

“அதுவரைக்கும் நான் நிம்மதியா வீடு கூட்டுவேன்” என்றாள் அம்மா.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். வெப்சைட் செய்யப் புதிதாகக் கற்றிருந்ததால் கை சும்மா இருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர்தானே வேண்டும், உலகத்தையே கூட்டி வருகிறேன் என்று கிளம்பினேன்.

டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்காரர் பின்பக்கத்தைத் தடுத்து நான்கு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். நான் போய் உட்கார்ந்தாலே, “வந்துட்டியா பாப்பா, இன்னிக்கும் கொலைதானா?” என்பார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியாத காலம். அதனால் முதல் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை ஸ்கேன் செய்து படங்களாகவே ஏற்றினேன். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கும். பாதிப் பக்கத்தில் பிணம் கிடக்கும். யாருடையது என்று தெரிய அடுத்த பாதி வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்பா எழுதியதைவிட அது நல்ல மர்மம் என்று எனக்குத் தோன்றியது. பின்னணியைக் கறுப்பாக்கினேன். தலைப்பில் ரத்தம் சொட்ட வைத்தேன். கீழே அப்பா பெயர், பிளாக், குவார்ட்டர்ஸ் எண், போன் நம்பர். தமிழ் வாசகர்கள் கூடும் மின்னஞ்சல் குழுக்களுக்கெல்லாம் முகவரியை அனுப்பினேன்.

அப்புறம் காத்திருப்பு. அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றாமலே கேட்பார்.

“போன் வந்துச்சா?”

வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கேட்கிற குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு நாள் கேட்காமலே குளிக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் பூத்தில் குடையை மறந்து வைத்துவிட்டேன். மறுநாள் போனதும் பூத்காரர் சிரிக்க ஆரம்பித்தார்.

“குடை இங்க கீதுன்னு சொல்ல, உன் வெப்சைட்ல பாத்துகினே நம்பரைப் போட்டேன் பாப்பா. போவவே இல்ல. அப்பறமா எத்தினி இலக்கம்னு எண்ணிப் பாத்தா, அது உங்க டவுன்ஷிப்புக்குள்ள மட்டும் பேசிக்கிற நம்பரு. அமெரிக்காக்காரன் சுத்தினா எங்க அடிக்கும்?”

நான் தலையில் கை வைத்தேன். எங்கள் வீட்டில் இருந்தது கம்பெனி எக்ஸ்சேஞ்ச் போன். ஆஸ்பத்திரி, மைன்ஸ், பக்கத்து பிளாக் எல்லாம் அதில்தான். பிறந்ததிலிருந்து போன் நம்பர் என்றால் எனக்கு அதுதான். உலகத்தையே கூப்பிட்டுவிட்டு கேட்டைப் பூட்டி வைத்திருந்தேன்.

“என் பூத் நம்பரைப் போடு. வந்தா ஆள உட்டு சொல்லி அனுப்பறேன்” என்றார். அங்கேயே மாற்றினேன்.

நான்கைந்து நாள் கழித்து, சாயங்காலம், பூத்காரர் ஆள் அனுப்ப நேரமில்லாமல், கம்பெனி ஆபரேட்டரைப் பிடித்து எங்கள் எண்ணுக்கு லைன் வாங்கிவிட்டார். “சார கூட்டிகினு உடனே வா. திருப்பூர்லருந்து ஒருத்தர். பத்து நிமிஷத்துல திரும்ப அடிக்கிறேன்னாரு.”

முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்த அப்பா, லுங்கியோடு ஸ்கூட்டரை எடுத்தார். அம்மா ஓடி வந்து சட்டையை என் கையில் திணித்தாள்.

நாங்கள் பூத்துக்குள் நுழையவும் மணி அடித்தது. ரிசீவரை இருவருமாகக் காதில் வைத்துக்கொண்டோம்.

“நீங்கதான் எழுதுனதுங்களா? மூணு அத்தியாயம் படிச்சனுங்க” என்றது ஒரு கொங்குக் குரல். “கொன்னது அந்தக் கம்பவுண்டர்தானுங்களே?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பவுண்டர்தான். இருபத்தேழாவது அத்தியாயத்தில்தான் அது தெரிய வேண்டும்.

“எ... எப்படிச் சொல்றீங்க?”

“அழுதவங்க எல்லாம் எப்படிச் செத்தாருன்னு கேட்டாங்க. அவன் ஒருத்தன்தானுங்க கேக்கல. இப்படியாங்க காட்டிக் கொடுக்கறது? எழுத்து நல்லாத்தான் இருக்குது, ஆனா கொலைகாரனை ஒளிக்கத் தெரியலீங்களே. புஸ்தகத்தை வி.பி.பி.யில அனுப்புங்க, தபால்காரர்கிட்ட காசு கட்டி வாங்கிக்கறனுங்க, நாஞ் சொன்னது சரியான்னு பாக்கோணும்.”

அவர் முகவரி சொன்னார். நான்தான் எழுதினேன். அப்பா போனை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“என்னா சார் சொன்னாரு?” என்றார் பூத்காரர்.

“ஒளிக்கத் தெரியலைன்னு திட்டிட்டான்யா” என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. “மூணு அத்தியாயத்துல பிடிச்சிட்டான்.”

ஸ்கூட்டரை உதைத்தவர், பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, அடுத்ததுல எப்படிச் செத்தாருன்னு கொலைகாரனையே முதல்ல கேக்க வெச்சுட்டா?”