வெளுத்த கை

என்ட மனுசன்ட இடது கையில ஒரு சிங்கம் இருக்கு. சிங்கம் எண்டு அவர் சொல்லுவார், நான் சொல்லுவன், அதைக் குத்தினவனும் அப்பிடித்தான் சொன்னானாம். வேற ஒருத்தரும் பார்த்த உடன சிங்கம் எண்டு சொன்னதில்லை. பதினெட்டு வயசில முன்னேஸ்வரம் திருவிழாவுக்குப் போன இடத்தில, அம்மன்ட வாகனம் வேணும் எண்டு கேட்டுக் குத்தினது. பச்சை குத்தினவனுக்கு அண்டைக்கு என்ன கேடோ, பிடரி மயிரைப் பிடரியோட நிப்பாட்டாமல் முதுகு, வயிறு எண்டு வால் வரைக்கும் கோடு கோடா இழுத்து விட்டுட்டான். கலியாணம் முடிச்ச புதுசில நான் பார்த்துட்டு, "இதென்ன, புலியா?" எண்டு கேட்டுச் சிரிச்சன். அவரும் சிரிச்சார். அப்ப அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிக்கலாம்.

சண்டை முத்தின வருசங்களில அந்தச் சொல்லை வீட்டுக்குள்ள சொல்லவும் பயம். நாங்கள் உடப்பில கடல்காரர். அவர் கரைவலை இழுக்கிறார். நான் கருவாடு காயப்போட்டுச் சிலாபம் சந்தைக்குக் கொண்டு போறனான். ஒருநாள் ரெண்டு பேரும் சந்தைக்குப் போகேக்க, வழியில இருந்த சோதனைச்சாவடியில ஒரு சீருடைக்காரப் பெடியன் இவர்ட கையைப் பிடிச்சுத் திருப்பி, "மேக்க மொகக்த?" எண்டான். இது என்னவாம். நல்ல காலம், எங்களிட்ட மீன் வாங்கிற சிங்கள முதலாளி பின்னால நிண்டார். "அது கோயில் படம், இவனை எனக்குத் தெரியும்" எண்டு அவர் சொல்ல, பெடியன் கையை விட்டான்.

அண்டையில இருந்து எனக்கு ஒரே யோசினைதான். ஒவ்வொரு முறையும் அந்த முதலாளி பின்னால நிப்பாரா? சுண்ணாம்பும் சவுக்காரமும் வச்சுக் கட்டினாப் போகும் எண்டு ஒருத்தி சொன்னா. சுட்டுப்போடு எண்டு இன்னொருத்தி. கடைசியில சந்தைக்குக் கருவாடு வாங்க வாற நேர்ஸ் ஒராள்தான், கொழும்பில லேசர் அடிச்சு அழிக்கிற தோல் டொக்டர் இருக்கிறா எண்டு சொன்னா. முகத்தில மச்சம், மயிர் எண்டு அழகுக்காகக் காசுக்காரப் பொம்பிளையள் போற இடமாம். போகட்டும், எங்களுக்கு உயிருக்காக.

டொக்டர் நல்ல மனுசி. இவர்ட கையைத் தடவிப் பார்த்துட்டு, "இப்ப செய்யேலாது" எண்டா. பிறகு ஆறுதலா விளங்கப்படுத்தினா. லேசர் வெளிச்சம் மையைத் தேடித்தான் போகுமாம். தோல் வெயிலில கறுத்துக் கிடந்தா, அதையும் மையெண்டு நினைச்சுச் சுட்டுப்போடுமாம். இவர்ட சட்டையைக் கழட்டச் சொல்லி, கமக்கட்டுப் பக்கம் வெயில் காணாத தோலைத் தொட்டுக் காட்டி, "கை இந்த நிறத்துக்குக் கிட்ட வரவேணும்" எண்டா. நாலு கிழமைக்கு வெயில் படக் கூடாது. மஞ்சள் பூசக் கூடாது, எலுமிச்சம்புளி தேய்க்கக் கூடாது, வெள்ளையாக்கிற கிரீம் கிட்டவும் கொண்டு போகக் கூடாது. வெளிக்கிட்டா வெயிலுக்குப் பூசுற கிரீம் மட்டும். காயம், உரசல் ஒண்டும் இருக்கக் கூடாது. வாறதுக்கு முதல் நாள் மயிரைச் சவரம் எடுக்கவேணும், பிடுங்கக் கூடாது. எல்லாத்துக்கும் "ஓம், ஓம்" எண்டு தலையாட்டினன். கரைவலைக்காரன்ட பெண்சாதி வெயில் படாமப் பார்க்கிறன் எண்டு தலையாட்டுறாள், பாருங்க என்ட துணிச்சலை!

முதல் கிழமை முழுக்கைச் சட்டையோட வலை இழுத்தார். நனைஞ்ச சட்டைக்குள்ளால வெயில் நல்லாத்தான் பூந்தது. கயிறும் உப்புத் தண்ணியும் உரசி முழங்கைக்குக் கீழ சிவந்து போச்சு. அதைப் பார்த்துட்டு நான் கரையில நிண்டு, அத்தனை பேருக்கும் முன்னால, "விடுங்க அந்தக் கயிறை! நாசமாப் போன வலை, விடுங்க!" எண்டு கத்தினன். அதோட வலை இழுக்கிறது நிண்டிட்டு. கிழிஞ்ச வலையள் தைக்கிற வேலையைக் கேட்டு வாங்கி, கரையில இருந்த ஓலை வாடிக்குள்ள நிழலில இருத்தினன். அதுக்குள்ளயும் கிடுகுக் கூரை ஓட்டையால வெயில் வருமே எண்டு, பழைய வேட்டியில ரெண்டு மடிப்பா உறை தைச்சு அந்தக் கையில மாட்டினன்.

சனம் விடுமா? "என்ன மச்சான், ஒரு கைக்கு மட்டும் கலியாணமா?" எண்டு கூட்டாளிமார் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாங்கள். ஏன் எண்டு நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா அது எந்தக் காதுக்குப் போகுமோ. சொறி எண்டு சொல்லி வச்சம்.

பின்னேரத்தில கதவைச் சாத்திப்போட்டு உறையைக் கழட்டி, ரெண்டு கையையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்க்கிறதுதான் எனக்கு வேலை. வலது கை கரிச்சட்டி மாதிரி. இடது கை மெல்ல மெல்லத் தெளிஞ்சு வந்தது. "இன்னும் ரெண்டு கிழமையில என்னைக் கொழும்புத் துரை எண்டுவாங்கள் பார்" எண்டு அவர் பகிடி விடுவார். அவருக்கும் பயம்தான். அந்த நாளையில அவர் சாப்பிட்ட கோப்பையில பாதிச் சோறு மிச்சம் கிடக்கும்.

மூண்டாம் கிழமை ஒருநாள் அவர் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார். "இஞ்ச பார், இது முந்தி இப்பிடித் தெரிஞ்சதா?"

பார்த்தன். எனக்கும் தெரிஞ்சது. கறுத்த தோலுக்குள்ள ஊமைக் கீறலாக் கிடந்த சிங்கம், வெளுத்த கையில பச்சைப் பசேலெண்டு நிண்டது. ஒவ்வொரு கோடும் எண்ணலாம். அந்த இடத்தில எனக்குப் புத்தி வந்திருக்கவேணும். "சும்மா இருங்க, இன்னும் ஒரு கிழமையில அது இருக்கப் போறதில்லை" எண்டு சொல்லி உறையை இழுத்து மாட்டினன். இண்டைக்கும் என்னை நானே செருப்பால அடிக்கத் தோணுற இடம் அதுதான்.

போற அண்டைக்கு, முதல் நாளே சவரம் எடுத்த கையில ஒரு மயிர் இல்லை. கிரீம் பூசி, முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் நான்தான் பூட்டி விட்டன். பச்சையை அழிக்க ரெண்டு மணிக்கு வரச் சொல்லி டொக்டர் எழுதித் தந்த துண்டு என்ட கைப்பைக்குள்ள. கொழும்பு பஸ்ஸில பாதி வழியில ஒரு சோதனைச்சாவடியில எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையோட வரிசையில நடக்க விட்டாங்கள். உச்சி வெயில். முன்னால போனவங்கள் எல்லாம் அரைக்கைச் சட்டை.

"ஏன் முழுக்கை? மடி" எண்டான் அங்க நிண்டவன். இவர் வலது கையை மடிச்சார். கறுத்த கை. மற்றதையும் எண்டான்.

மற்றக் கை வெளிய வந்த உடன அவன் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தான். இன்னொருத்தனைக் கூப்பிட்டான். ஒரு கை மட்டும் ஏன் வெள்ளை, இவ்வளவு நாளா என்னத்தால மூடி வச்சிருந்தாய் எண்டு கேட்டாங்கள். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும் மட்டும் மறக்கமாட்டன்.

நான் வரிசையை விட்டு ஓடினன். சந்தையில படிச்ச சிங்களம் எல்லாத்தையும் கொட்டினன். "மாத்தயா, அது சிங்கம்! எங்கட அம்மன்ட சிங்கம்! உங்கட கொடியில இருக்கிற அதே சிங்கம்தான் மாத்தயா!" எண்டன். நம்பவேணுமே எண்டு டொக்டர்ட துண்டையும் எடுத்து நீட்டினன். "இதை அழிக்கத்தான் போறம், பாருங்க, இண்டைக்கு ரெண்டு மணிக்கு" எண்டன்.

அவங்களில வயசில மூத்த ஒராள் துண்டை வாங்கி ஆறுதலா வாசிச்சார். கையைப் பார்த்தார். கோபமே இல்லாமல் என்னிட்டக் கேட்டார்.

"சிங்கம் எண்டா ஏன் அழிக்கிறாய்?"

ஐயோ, என்னத்தைச் சொல்ல? புலி எண்டு நினைப்பீங்கள் எண்டு பயம் எண்டு அவங்களுக்கு முன்னால எந்த வாயால சொல்லுறது? துண்டைத் திருப்பித் தந்துட்டு இவரைக் கூட்டிக்கொண்டு போனாங்கள். பஸ்காரன் ரெண்டு தரம் ஹோர்ன் அடிச்சுப் பார்த்துட்டுப் போயிட்டான். நான் அந்த ரோட்டோரத்தில மண்ணில இருந்து தலையில அடிச்சு அடிச்சு அழுதன்.

பதினோரு நாள் அவரை உள்ள வச்சிருந்தாங்கள். கிராமசேவகர், கோயில் ஐயா, அந்த மீன் முதலாளி எண்டு ஒவ்வொருத்தர்ட காலாப் பிடிச்சன். முதலாளி மூண்டு தரம் என்னோட வந்து, எழுதிக் கையெழுத்தும் வச்சுக் குடுத்தார். பன்னிரண்டாம் நாள் காலமை விட்டாங்கள். முகாம் கேற்றால வந்தவர் அரை ஆளா இருந்தார். அங்க வேற ஆக்களோட முற்றத்தில இருத்தி வச்சிருந்தவங்களாம், கூரை இல்லாத முற்றம். நான் முதல்ல அவர்ட முகத்தைப் பார்க்கேல்லை, கையைத்தான் பிடிச்சுப் பார்த்தன். இடது கை நல்லாக் கறுத்துக் கிடந்தது. சிங்கத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டி இருந்தது. அந்தக் கறுப்பைத் தடவித் தடவி அழுதன்.

டொக்டரிட்ட நாங்கள் பிறகு போகவேயில்லை. அவர் அடுத்த கிழமையே வலை இழுக்கப் போனார். கரைக்குப் போகேக்க எப்பயாவது மறந்து சட்டைக் கையை இறக்கி விட்டாரெண்டா, இண்டைக்கும் நான் விடமாட்டன். "மடிச்சு விடுங்க, வெயில் படட்டும்" எண்டு வாசலில நிண்டு கத்துவன். அவர் மடிச்சு விட்டுட்டுப் போவார்.