ஆளில்லாத கொறங்காடு

நெருப்பெரிச்சல் என்கிற இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்து நாலு வருடமாகியும் ஆடு மேய்க்கிற ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆடுகள் நிறைய இருந்தன. மேய்க்கத்தான் ஆள் இல்லை. இது என் புத்தியில் உறைத்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டே ஸ்கூலில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னை மடக்கியபோதுதான்.

வழக்கமாகப் பாடம் எடுக்கிறவர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டதால் சின்னப் பிள்ளைகளை என் தலையில் கட்டியிருந்தார்கள். வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நிற்கிறவளை ஏழாம் நாளும் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்? முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டு நின்றேன். சுவரில் படம் ஒன்று தொங்கியது. வெள்ளை அங்கி, கையில் கோல், தோளில் ஒரு குட்டி ஆடு.

"கர்த்தர் நம்ம மேய்ப்பர். பச்சைப் புல்லுல நம்மளப் படுக்க வைப்பாரு. மேய்ப்பன் முன்னால போவான், ஆடு அவன் பின்னாலயே போவும். மேய்ப்பன் இல்லன்னா ஆடு என்ன ஆவும்?" என்று கேட்டேன். 'தொலைஞ்சு போகும்' என்று எல்லாரும் கத்த வேண்டும். அதுதான் பாடம்.

அந்தப் பிள்ளை கையைத் தூக்கினாள். இந்த ஊரிலேயே பல தலைமுறையாகக் காடுதோட்டம் வைத்திருக்கிற, எங்கள் சர்ச்சுக்கும் வருகிற வீட்டுப் பெண். "ஒண்ணும் ஆகாதுங்க டீச்சர். எங்கூட்டு ஆட்டுக்கூட ஆரும் போறதில்லீங்க. கொறங்காட்டுக்குள்ள ஓட்டி உட்டுப்போட்டு, படலைச் சாத்திட்டு எங்கப்பா கம்பெனிக்குப் போயிருவாருங்க. பொழுதோட வந்து தொறந்து உடுவாருங்க."

"அப்போ பகல் பூரா ஆட்ட யாரு பாத்துக்கிடுவா?"

"வேலி பாத்துக்குமுங்க."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மே மாதம் முழுக்க என் வீட்டில் நடந்துகொண்டிருந்ததும் அதுதான்.

நானும் என் கணவரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் அனுப்பர்பாளையத்தில் ஒரு கம்பெனியில் டெய்லர். நான் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இன்னொரு கம்பெனியில் செக்கிங். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். ஒன்றரை ஷிப்ட் என்பார்கள். எங்களுக்கு ஆறு வயதில் ஒரே மகள். பள்ளிக்கூடம் இருந்தவரை அதுவும் டியூஷனுமாக நாள் ஓடியது. கோடை விடுமுறை வந்ததும் டியூஷன் எடுத்த பெண்ணும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். எங்கள் ஊரில் விடலாமென்றால் என் அம்மா இல்லை, மாமியார் படுத்த படுக்கை. அதனால் பிள்ளையை வீட்டுக்குள் விட்டுப் பூட்டினேன்.

பூட்டினேன் என்று எழுத இப்போதும் கை கூசுகிறது. அது ஆறு குடித்தனம் இருந்த ஓட்டு லைன் வீடு. மற்றப் பெண்கள் பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். எனக்குத் தெருவென்றாலே பயம். லாரி வரும், நாய் வரும், முகம் தெரியாத ஆட்கள் வருவார்கள். ஆகவே ஒரு டப்பாவில் சோறு, ஒரு டப்பாவில் முறுக்கு, ஒரு குடம் தண்ணீர், மூலையில் ஒரு வாளி, டிவி. கதவைச் சாத்தி, ஊரிலிருந்து கொண்டுவந்த கனமான பித்தளைப் பூட்டைப் போட்டு, அதன்மேல் கைவைத்து ஜெபிப்பேன். "மேய்ப்பரே, பிள்ளைய நீரே பாத்துக்கிடும்."

முதல் வாரம் அழுதுகொண்டே ஜெபித்தேன். இரண்டாவது வாரம் அழுகை நின்றுவிட்டது. மூன்றாவது வாரம், பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்து முடிப்பதற்குள் ஜெபமும் முடிந்துவிடும். கம்பெனி வாசலில் கார்டு பஞ்ச் செய்கிற மாதிரிதான். உனக்கு நம்பிக்கை இருந்ததா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் இருந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். அது பூட்டின்மேல் இருந்த நம்பிக்கை.

லைன் வீடுகளின் சொந்தக்காரி பின்னாலேயே தனி வீட்டில் இருந்தார். என்னைவிடப் பத்து வயது கூடுதல் இருக்கும். புருஷன் இல்லை. வீட்டுக்கும் பின்னால் இரண்டு ஏக்கர் கொறங்காடு வைத்திருந்தார். கொறங்காடு என்றால் உழாமல் புல்லுக்கென்றே விட்டுவைத்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே நாலைந்து வேல மரம், பதினாலு செம்மறி. சண்டே ஸ்கூல் பிள்ளை சொன்ன பிறகு நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்ப்பேன். ஆடுகள் உள்ளே இருக்கும், படல் சாத்தியிருக்கும், ஒரு மனித முகம் தெரியாது. நல்ல மேய்ப்பு இது என்று மனசுக்குள் நொடித்துக்கொள்வேன். நொடிக்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்று நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்காரம்மா அதிகம் பேசமாட்டார். ஒருநாள் காலை நான் பூட்டின்மேல் கை வைத்து நிற்கையில் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க அம்மிணி, சாவிய எங்கிட்டக் குடுத்துட்டுப் போனா ஆகாதுங்களா? புள்ளைய நானு பாத்துக்கறனுங்க."

"வேண்டாங்கக்கா. கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றேன். சொல்லும்போது கழுத்து நிமிர்ந்துகொண்டது.

பெரிய விசுவாசி மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே இருந்தது வேறு. பிள்ளை அவர் வீட்டு சாமி படத்துக்கு முன்னால் திருநீறு பூசிக்கொண்டு நிற்பாளோ என்று ஒரு பயம். பிள்ளையைப் பூட்டிப்போடுகிறவள் என்று என்னை நினைக்கிற ஒருவரிடமே சாவியைக் கொடுப்பதா என்று ஒரு வீம்பு. இரண்டையும் மூடி மறைக்கக் கர்த்தரின் பெயர் வசதியாக இருந்தது. அவர் "செரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு சாவிப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் கம்பெனியில் ஷிப்மெண்ட். மொத்தமும் பச்சை நிற டீ-சர்ட். ஒவ்வொன்றாக விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துத் தள்ள வேண்டும். கண்ணை மூடினாலும் பச்சையாகத் தெரிந்தது. கால் மரத்துப்போய், நிற்பது நானா வேறு யாருமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மூன்று மணி வாக்கில் வானம் கறுத்தது. கோடை மழைக்கு முன்னால் வருகிற அந்தக் கிறுக்குக் காற்று. கரண்ட் போய்விட்டது. எங்கேயோ தகரம் பிய்த்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. என் வீட்டுக் கூரையின் மேல் சாய்ந்து நின்ற தென்னை மரம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இடி இடித்தது. என் மகளுக்கு இடி என்றால் உயிர் போகும்.

இருட்டில் நின்று ஜெபிக்கப் பார்த்தேன். இடுப்பில் செருகியிருந்த சாவி குத்தியது. வீட்டுக்குள் என்ன நடந்தாலும் யாராலும் உள்ளே போக முடியாது. மேய்ப்பரே வந்து நின்றாலும் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

சூப்பர்வைசரிடம் ஓடி அவுட் பாஸ் கேட்டேன். "நாளைக்குப் பீஸ் கண்டெய்னர்ல ஏறணுங்க்கா, இப்ப எப்படி உடறது?" என்றான்.

"பிள்ளை வீட்டுல தனியா கெடக்கு."

"பக்கத்துல சொல்லி..."

"உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பாஸ் எழுதிக் கொடுத்தான்.

மழையில் ஓடினேன். பாதித் தூரத்துக்கு மேல் ஓட முடியவில்லை, நடந்தேன். காலையிலிருந்து நின்ற கால்கள் அவ்வளவுதான். வாசலுக்கு வந்து பார்த்தால் ஒரு தென்னை மட்டை முற்றத்தில் கிடந்தது. கதவில் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. அப்பாடா என்று இருந்தது. பூட்டைத் திறந்தேன்.

உள்ளே தண்ணீர். கட்டில் நனைந்து கிடந்தது. பிள்ளை இல்லை.

கட்டிலுக்கு அடியில் தேடினேன். கதவுக்குப் பின்னால் தேடினேன். அரிசி டிரம்மின் மூடியைக்கூடத் திறந்து பார்த்தேன். பூட்டின வீட்டுக்குள் இருந்த பிள்ளை எங்கே போகும்? அப்போது கழுத்தில் மழைத்துளி விழுந்தது. நிமிர்ந்தால், ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கூரையில் ஓடு இல்லை. வானம் தெரிந்தது. "பாப்பா!" என்று நான் போட்ட சத்தம் எனக்கே வேறு யாரோ கத்துவது போலக் கேட்டது.

"இங்கிருக்கறமுங்க!" என்று பின்பக்கமிருந்து பதில் வந்தது.

ஓடினேன். கொறங்காட்டு வேலியோரம் வீட்டுக்காரம்மா மழைக்குச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் என் மகள், அவளுக்கும் ஒரு சின்னச் சாக்கு. காற்றில் வேலி ஓரிடத்தில் சாய்ந்திருந்தது. அவர் முள்ளை இழுத்து அடைத்துக்கொண்டிருந்தார், இவள் ஆட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "யம்மா, நான் கூரை வழியா வெளிய வந்தேங்கம்மா!" என்று குதித்தாள். இந்த ஊர் 'ங்க' அவள் வாயில் எப்போது ஒட்டியது என்றே எனக்குத் தெரியவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

நடந்ததை அவர் நாலு வார்த்தையில் சொன்னார். மட்டை விழுந்து ஓடு உடைந்து, உள்ளே தண்ணீர் கொட்டியிருக்கிறது. பிள்ளை அலறியிருக்கிறாள். இவர் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, அங்கிருந்து கூரைக்கு ஏறி, மேலும் ஓட்டைப் பிரித்து, ஆட்டுக் கொட்டகை ஏணியை உள்ளே இறக்கியிருக்கிறார். பிள்ளை ஏறி வந்ததும் ஏணியை மேலே இழுத்து வெளிப்பக்கம் சாய்த்து இரண்டு பேரும் இறங்கியிருக்கிறார்கள். உள்ளங்கையில் ஓடு கிழித்த இடத்தில் துணி சுற்றியிருந்தார். துணி சிவந்திருந்தது.

"எதுக்குக்கா இவ்வளவு பாடு? பூட்ட ஒடைச்சிருக்கலாமே?"

அவர் நான் ஏதோ முறையில்லாததைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார். "அதெப்படிங்க? பூட்டு உங்களுதுங்க. ஓடு எங்களுது."

கூரையைப் பிரித்து ஒரு நோயாளியைக் கர்த்தர் முன்னால் இறக்கிய பைபிள் கதையைப் பிள்ளைகளுக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். கூரையைப் பிரித்து ஒரு பிள்ளையை வெளியே ஏற்ற வேண்டிய நிலைமையை உண்டாக்கியவள் நான்தான். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் மறுபடி குனிந்து முள்ளை அழுத்தினார். "காத்து நின்னும் ஆடு ஒண்ணுகூடப் படுக்கலீங்க, நின்னுட்டே இருந்துச்சுங்க. பயமிருந்தா ஆடு படுக்காதுங்க. எங்கியோ பொத்து உளுந்திருக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தினமும் வேலியப் பாப்பீங்களாக்கா?"

"பின்னே? விடியறதுக்குள்ள ஒரு சுத்து வந்துருவனுங்க. பொத்தெல்லாம் அடைச்சுப்போட்டுத்தானுங்க ஆட்ட உள்ள உடறது. மத்தியானம் ஒருக்கா வருவேன். அப்படியே உங்கூட்டு ஜன்னலையும் ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போவனுங்க."

மகளைப் பார்த்தேன். தினமும்தான் என்று தலையாட்டினாள். "ஏட்டி, எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"நீ வந்தவொடனே தூங்கிருவியேம்மா."

நான் பார்த்ததெல்லாம் எட்டு மணிக்கு ஆளில்லாத காடு. எட்டு மணிக்குள் அவர் வேலையை முடித்திருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கர்த்தரைப் பற்றியும் அப்படித்தான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. கர்த்தரிடம் கோபமும் வந்தது. இதைச் சொல்ல ஒரு தென்னை மட்டையும் அந்த அம்மாவின் கையும்தானா உமக்குக் கிடைத்தது என்று கேட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போயே ஆக வேண்டும். கணவர் காலையிலேயே ஏறிக் கூரைக்கு ஓடு போட்டார். காலி வீட்டைப் பூட்டினேன். அந்த விடுமுறையில் முதல்முறையாக மகள் பூட்டுக்கு வெளியே, என் பக்கத்தில் நின்றாள். பழக்கத்தில் கை பூட்டின்மேல் போனது. 'மேய்ப்பரே' என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தினேன். கையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சாவியையும் பிள்ளையையும் கொடுத்தேன்.

"பாத்துக்கிடுங்கக்கா."

"செரிங்க." சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "பொழுதோட கண்ணுக்குக் காபித்தண்ணி குடுக்கலாமுங்களா?"

கொடுங்கள் என்றேன். திருநீறைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வந்துவிட்டேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பச்சைத் துணிக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்தேன். இத்தனை வாரமாக அந்த நேரத்தில் என் வேலை, வீட்டுக்குள் என்னென்ன நடக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதுதான். தீ, பாம்பு, ஸ்விட்ச் போர்டு என்று மனசு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும். அன்று நினைக்க ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் களைப்பு வந்து உட்கார்ந்தது. எத்தனை நாள் களைப்போ. பிடரியில் தொடங்கிக் கால்விரல் வரை இறங்கியது. டிபன் பாக்ஸைத் திறக்கக்கூடக் கை வரவில்லை. அப்படியே படுத்துவிட்டேன்.

மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து மேசைப் பெண் தோளைத் தொட்டு உலுக்கினாள். "ஏனுங்க்கா, மணியடிச்சுப் பத்து நிமிசமாச்சுங்க. சூப்பர்வைசர் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டாருங்க. எழுப்பவேண்டாம்னுட்டாருங்க."

எழுந்தேன். கன்னத்திலும் முடியிலும் பச்சைப் பஞ்சு ஒட்டியிருந்தது. குவியலில் என் தலை பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. அந்தப் பீஸ்களை எடுத்து உதறி, மேசையில் விரித்து, அவற்றையும் நானே செக் செய்தேன்.