மலைக்கு முதுகைக் காட்டியவன்

என்னைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள். ஒரு எழுத்துப் பிழைகூட இருக்காது என்று என் மனைவி சொல்வாள். கமெண்ட்டுகளை அவள்தான் வாசித்துக் காட்டுவாள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். "தற்குறி, பழைய பஞ்சாங்கம், மலையடிவாரத்து மண்டைவீங்கி" என்று அவள் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் இளநீர் சீவிக்கொண்டே கேட்பேன். கடைசிப் பட்டம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வண்டியில் எழுதி ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன். தப்பாக எழுதிவிடுவேன் என்று விட்டுவிட்டேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, அண்ணாமலைப் பக்கத்து ஓரமாக நிற்கிறது என் இளநீர் வண்டி. வெள்ளைக்காரர்கள் ஸ்ட்ரா வேண்டாம் என்பார்கள். ஆந்திராக்காரர்கள் வழுக்கை கேட்பார்கள். நம்மூர்க்காரர்கள் விலையைக் கம்மி பண்ணச் சொல்வார்கள். எல்லோருக்கும் நான் இலவசமாகக் கொடுப்பது என் வாய்.

அந்த வாயை முதலில் படம் பிடித்தவன் ஒரு கல்லூரிப் பையன். இளநீருக்காக நின்றிருந்தான். எதிரே நாலைந்து பேர் பைக் சீட்டில் கேக்கை வைத்து, வெட்டி, ஒருவன் முகத்தில் ஒருவன் அப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் நிற்கவில்லை.

"பொறந்த நாளுன்னா வெளக்கு ஏத்துவாங்க. இவனுங்க ஏத்துனத ஊதி அணைக்கிறானுங்க. சரி, கேக்கையாவது துன்றானுங்களான்னு பாத்தா, மூஞ்சில பூசிக்கிறானுங்க. துன்றத மூஞ்சில பூசறவன் நாளைக்கு ஓட்ட எங்க போய் குத்துவான்?"

பையன் அதை அப்படியே போட்டுவிட்டான். இரண்டு மூன்று நாளில் ஊரே என்னை 'கேக்கு அண்ணன்' என்று கூப்பிட்டது. நானும் சொந்தமாக ஒரு பக்கம் ஆரம்பித்தேன். அதாவது, மனைவி ஆரம்பித்தாள், நான் பேசினேன். அவள் பன்னிரண்டாவது பாஸ். எங்கள் வீட்டுக்கே அவள்தான் பல்கலைக்கழகம்.

எனக்கு எல்லாம் பழைய முறைதான் பிடிக்கும். அதை மறைத்ததில்லை. சாராயக் கடையை மூடு என்றேன். கும்பிடுகிற இடத்தில் குனிந்து நில் என்றேன். "பெத்தவங்கள வெச்சி சோறு போடாதவன் நாட்டுக்கு சோறு போடறேன்னு ஓட்டு கேட்டு வரான். வந்தா, உங்கம்மா எங்கடான்னு கேளுங்க" என்று பேசியது எங்கெங்கோ போய்ச் சுற்றியது. அப்புறம் இளநீர் வாங்க வருகிறவர்களைவிட என்னோடு செல்ஃபி எடுக்க வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. வேங்கிக்காலில் ஒரு ஆபீசுக்கு ஏதோ சான்றிதழ் வாங்கப் போனேன். வரிசையில் நின்றவனைப் பார்த்து உள்ளிருந்து ஒருவர் எழுந்து வந்து, "உக்காருங்கண்ணா" என்று நாற்காலி போட்டார். எனக்கு உட்காரத் தெரியவில்லை. நுனியில் தொற்றிக்கொண்டிருந்தேன்.

நாற்காலியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. இளநீருக்கு முன்னால் பந்தல்காரரிடம் வேலை பார்த்தேன். கட்சிக் கூட்டம் என்றால் நாற்காலி இறக்குவது, போடுவது, ஏற்றுவது. எல்லாக் கட்சிக்கும் போட்டிருக்கிறேன். அந்த விஷயத்தில் நான் நடுநிலை. ஒரு தடவை மேடையில் தலைவருக்குப் போட்ட நாற்காலி ஆடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். "டேய், எழுந்துர்றா!" என்று கீழேயிருந்து ஒரு தொண்டர் கத்தியதில் நானே ஆடிவிட்டேன்.

அதனால்தான், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கி, "தம்பி, கீழ்பென்னாத்தூர்ல பொதுக்கூட்டம். இளைஞர்ங்க சார்பா நீதான் பேசற. மேடையில முன் வரிசையில நாற்காலி" என்றபோது, சீவின இளநீரைக் காசு வாங்காமலே அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு கட்சியில் பெரிய ஆள். கட்சியைவிட எனக்கு நாற்காலிதான் காதில் விழுந்தது. வீட்டுக்குப் போய், கல்யாணச் சட்டைக்குள் வயிறு போகிறதா என்று பார்த்தேன். பாதி போயிற்று.

கூட்டத்துக்கு முந்தின பௌர்ணமியில்தான் வினை வந்தது. கிரிவலம் வந்த ஒரு குடும்பம் நடந்த அசதியில் பாதை ஓரமாக உட்கார்ந்து, மலையைப் பார்த்து நீட்டமாகக் காலை நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மலைக்கு மேலே சாமி என்று சொல்ல மாட்டார்கள், மலையே சாமி. விடுவேனா? மனைவியிடம் போனைக் கொடுத்து, அவர்கள் முகம் தெரியாமல் ஒரு பிடி பிடித்தேன். "சாமிக்கு நேரா காலை நீட்டறியே, உங்க வூட்டுக்கு வந்த பெரியவங்க முன்னாடி நீட்டுவியா?"

முதல் கமெண்ட்டைப் படிக்க ஆரம்பித்த மனைவி பாதியில் நிறுத்தினாள்.

"இன்னா? தற்குறியா, மண்டைவீங்கியா?"

"இது வேற மாதிரி இருக்குதுங்க." மெதுவாகப் படித்தாள். "அண்ணே, அவங்க சாமிக்குக் காலைத்தான் காட்டினாங்க. நீங்க பேச ஆரம்பிச்ச நாள்லருந்து சாமிக்கு என்னத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

கழுத்தில் துண்டு, கையில் கத்தி, பின்னால் மலை. இதுதான் என் அடையாளம். மலை தெரிய வேண்டும் என்று தேடித்தேடி நின்றவன் நான். கருவறைக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வருகிறவன், வெளியே வந்ததும் மொத்தச் சாமிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். விடிவதற்குள் என் எல்லா வீடியோவையும் ஒன்றாக ஒட்டி, என் பின்பக்கத்துக்கு அம்புக்குறி போட்டுவிட்டார்கள். நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். நானே இரண்டு தடவை பார்த்தேன்.

வெள்ளைச் சட்டைக்காரர் போன் செய்தார். "தம்பி, ஒண்ணும் பதறாத. மலையே அங்க இல்லைன்னு சொல்லிடு."

"மலை இல்லியா?"

"பின்னாடி தெரியறது கிராபிக்ஸு. வூட்டுக்குள்ள துணி கட்டி எடுத்தது. எதிராளிங்க சதின்னு ஒரு வீடியோ போடு. மீதிய எங்க பசங்க பாத்துக்குவாங்க."

"அண்ணா, நான் என் வயித்தையே கிராபிக்ஸுன்னு சொல்ல முடியாம கஷ்டப்படறேன். அண்ணாமலைய எப்படிண்ணா சொல்றது?"

"கூட்டத்துல பேசணுமா வேணாமா?"

வேணும். அதுதான் கஷ்டம். அன்றைக்கு ஒரு இளநீரைச் சீவுகிறேன் என்று உள் ஓடுவரை சீவிவிட்டேன். மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யாவாரம் பண்றப்ப முதுகு எப்படி இருந்தா இன்னா? இந்த வரிசையில எல்லாக் கடையும் அப்படித்தான் நிக்குது. அடுத்தவனுக்கு புத்தி சொல்றப்ப மட்டும் திரும்பி நில்லுங்க."

திரும்பினேன். மலையைப் பார்த்து நான், மலைப் பக்கமாகப் போன். எடுத்ததைப் பார்த்தால், என் தலைக்கு மேலே எதிர்ச்சாரியிலிருந்த 'கட்டணக் கழிப்பிடம்' போர்டு கிரீடம் மாதிரி நின்றது. அதிலிருந்த அம்பு நேராக என் வாயைக் காட்டியது. எதிரிகள் அம்பு வரையும் வேலைகூட மிச்சம்.

"போனை பழைய இடத்துலயே வை. நான் மட்டும் திரும்பறேன்" என்றேன்.

அப்படியே எடுத்தோம். மலை தெரிந்தது, என் பின்மண்டை தெரிந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பேசினேன். "தப்புன்னு சொன்னவன் எவனோ, அவன் சரியாத்தான் சொன்னான். அதுக்காக நான் சொன்னதெல்லாம் தப்பாயிடாது. காலை மடக்கி உக்காரு. சாராயக் கடைய மூடு. அம்மாவுக்கு சோறு போடு. இத சொல்ல எனக்கு மூஞ்சி வேணாம், வாய் போதும்."

மறுபடியும் போன் வந்தது. "இன்னாய்யா பண்ணி வெச்சிருக்க? ஜனம் மூஞ்சியப் பாத்துத்தான் ஓட்டு போடும். மேடையிலயும் திரும்பித்தான் நிப்பியா?"

"மேடைய மலையப் பாத்த மாதிரி போடச் சொல்லுங்கண்ணா. ஜனத்தையும் பாத்துக்கறேன், சாமியையும் பாத்துக்கறேன். கீழ்பென்னாத்தூர்லருந்து மலை நல்லாத் தெரியும். அந்த மைதானத்துல நான் நாற்காலி போட்டிருக்கேன்."

"தலைவர் பேனர் அந்தப் பக்கம் கட்டியாச்சு. உனுக்காக மேடைய திருப்புவாங்களா?"

"அப்ப எனக்காக மலைய மட்டும் இல்லாம பண்ணுவீங்களா?"

போன் வைக்கப்பட்டது. கல்யாணச் சட்டை திரும்பப் பெட்டிக்குள் போனது. அது முழுதாகவே போயிற்று.

பார்க்கிறவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்கள், "மூஞ்சியைக் காட்டுடா கோழை" என்று எழுதுகிறார்கள். மூஞ்சி வேண்டுமென்றால் செங்கம் ரோட்டுக்கு வரட்டும். வழுக்கை போட்டுக் கொடுக்கிறேன், காசு வாங்கிக்கொண்டு. மனைவிக்குத்தான் இப்போது புதுக் கவலை. "பின்னாடி முடி காடாட்டம் கெடக்குது. ஜனங்க பாக்கறதே அதத்தான்" என்று முடிவெட்டும் கடைக்கு விரட்டுகிறாள்.

கூட்டம் நடந்த சாயங்காலம் பந்தல்காரரிடம் போய்ப் பழைய நாற்காலி ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். ஒரு கால் கொஞ்சம் ஆடும். வண்டிக்குப் பக்கத்தில் மலையைப் பார்க்கப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, "எடு" என்றேன். நாற்காலி ஆடியது. எழுந்திரு என்று ஒருவனும் சொல்லவில்லை.