வெளியே சொட்டாத தண்ணீர்

காலை 6.15. நாகர்கோவில் வடசேரியிலிருந்து கிளம்பினோம். நான், மனைவி லீலா, எங்கள் பதினோரு வயதுக் கார். திருவனந்தபுரம் போக வேண்டும், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் லீலாவுக்கு ஐந்தாம் வருடப் பரிசோதனை. மார்பில் புற்றுக்கட்டியை எடுத்து, ஊசி மருந்தெல்லாம் முடிந்து ஐந்து வருடம் ஆகிறது. இதுவும் நல்லபடியாக முடிந்தால் இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வழியெல்லாம் அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. பயம் வந்தால் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

கார் கிளம்பும்போதே உதறியது. காலையில் இரண்டு நிமிடம் இப்படி உதறும், பின்னால் வெள்ளைப் புகை விடும், பிறகு சரியாகிவிடும். ஒரு மாதமாக இதே கதைதான். குளிருக்கு அப்படித்தான் என்று லீலாவிடம் சமாளித்திருந்தேன். நாகர்கோவிலில் ஏது குளிர் என்று அவள் கேட்கவில்லை.

7.20. களியக்காவிளை. எல்லையில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். பெயர்ப்பலகைகள் இங்கே மலையாளத்துக்கு மாறுகின்றன, பேச்சு மாறுவதில்லை. கடைக்காரர் என்னிடம் தமிழிலும் அடுத்தவரிடம் மலையாளத்திலும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டிருந்தார்.

7.40. பாறசாலை. ஊரைத் தாண்டுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சின் ஒரு கால் நொண்டுவதுபோல இழுத்தது, பானட்டுக்குள்ளிருந்து ஆவி வந்தது. நல்லவேளை, ஐம்பதடி தூரத்தில் ஒரு ஒர்க்ஷாப். மெக்கானிக் பால்ராஜுக்கு நாற்பது வயதிருக்கும். நான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனதும் கையைப் பிடித்துத் தடுத்தார். ஒரு மணி நேரமாவது ஆறட்டும், இல்லையென்றால் முகம் வெந்துவிடும் என்றார். லீலாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு, வண்டிக்கு என்ன செய்கிறது என்று அவளிடம் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

"ஓட்டுகவங்க வண்டிக்க குத்தத்தச் சொல்ல மாட்டாவ, சாரே. பக்கத்துல இருக்கவங்களுக்கு எல்லாம் தெரியும் ஆக்கும்," என்றார்.

லீலாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. எஞ்சின் சூடேறாமலிருக்க ஞாயிறுதோறும் நான் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விரல் இறங்கிவிடுகிறது. புகையில் பாயசம்போல ஒரு இனிப்பு வாசனை. முன்பு ஒரு நிமிடம் உதறியது இப்போது இரண்டு நிமிடம். ஒவ்வொன்றாகச் சொன்னாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா உங்களுக்கு விசாரம் வரும்," என்றாள்.

8.45. எஞ்சின் ஆறியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விளிம்பில் படிந்திருந்த மஞ்சள் கசடைப் பால்ராஜ் விரலால் தொட்டு முகர்ந்தார். மஞ்சள்பொடி போட்டது யார் என்று கேட்டார். நான்தான். போன வருடம் ஹோஸில் சின்னக் கசிவு. எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் செய்கிற வைத்தியம்தான், ரேடியேட்டருக்குள் இரண்டு கரண்டி மஞ்சள்பொடி. கசிவு நின்றது. அதன் பிறகு போர்டிகோவில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன்.

பொடி ஓட்டையை அடைத்தது சரி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்திருக்கும் என்றார். சூடு அப்படித்தான் ஏறியிருக்க வேண்டும். அவர் தண்ணீரை நிரப்பி, மூடி இருந்த இடத்தில் அழுத்தம் காட்டும் முள் வைத்த ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றடித்தார். முள் ஏறி நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. டார்ச் அடித்து ஹோஸ், எஞ்சினின் தண்ணீர் பம்ப், வண்டிக்கு அடியில் தரை எல்லாம் பார்த்தார். எங்கும் ஈரமில்லை.

"வெளிய ஒரு சொட்டு இல்ல. அப்போ உள்ள போகுது ஆக்கும்."

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்று கரி பிடித்திருந்தன. ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல வெளுத்திருந்தது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொன்னார். அந்த ஒரு துளையிலிருந்து மட்டும் நீர் தூவியது. தண்ணீர் சிலிண்டருக்குள் போகாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ராத்திரி கசிந்து சிலிண்டருக்குள் இறங்குகிற தண்ணீரால்தான் காலையில் வண்டி உதறுகிறது. இதோடு ஓட்டினால் எஞ்சினே மிஞ்சாது, வண்டியை நான்கு நாள் இங்கே விட்டுப் போங்கள் என்றார். லீலா அந்த வெளுத்த பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

9.20. பஸ் ஏறினோம், டிக்கெட் ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய். நெய்யாற்றின்கரை தாண்டியது. பாலராமபுரத்தில் நெரிசலில் பஸ் நின்றபோது என் கையைப் பிடித்தாள்.

"இடது தோளுக்குப் பொறத்த ரெண்டு மாசமா வலி உண்டு. யாருட்டயும் சொல்லல்ல. தைலம் தேச்சிட்டுக் கிடந்தேன்," என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்றுதான் இருந்தது. அந்தக் கையை விடாமல் ஆஸ்பத்திரிவரை போனேன்.

10.50. டாக்டரம்மா என்னைப் பார்த்து, லீலா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஐந்து வருடமாக இந்தக் கேள்விக்கு நான்தான் பதில். நல்லா இருக்கா, ஒரு தொந்தரவும் இல்லை என்பேன். அன்று வாயை மூடிக்கொண்டேன். லீலா சொன்னாள். தோள், தூக்கம், பரிசோதனைக்கு முந்தைய மாதம் முழுக்கச் சோறு இறங்காதது, எல்லாவற்றையும். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

மதியம் 3.10. எலும்பில் ஒன்றுமில்லை. அறுவை செய்த பக்கம் தோள் இறுகியிருக்கிறது, உடற்பயிற்சி செய்தால் சரியாகும். இனி அடுத்த வருடம் வந்தால் போதும். வராந்தாவிலேயே அழுதேன். லீலாதான் முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

5.30. நாகர்கோவில் பஸ். அவளுக்கு ஜன்னலோரம். போகும்போது பாலராமபுரத்துச் சேலைக் கடைகளையும் அமரவிளைப் பாலத்தையும் நான் பார்க்கவில்லை, வரும்போதும் பார்க்கவில்லை. வேறு என்னவெல்லாம் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தேன். முதலில் சிரித்தாள். பிறகு ஆரம்பித்தாள். பாறசாலை போயிற்று, களியக்காவிளை போயிற்று, மார்த்தாண்டமும் போயிற்று. அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.